நாய்ப் படம் போட்ட புத்தகம்

அம்மா இருந்தாள். அக்கா இருந்தாள். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த மாமா இருந்தார். நான் இருந்தேன். நடுவில் ஒரு இங்கிலீஷ் கதைப் புத்தகம் கிடந்தது.

எட்டு முடிந்து ஒன்பதுக்குப் போகிற கோடை லீவு. ராஜபாளையத்தில் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தார்கள். லீவுக்குள் ஒரு கதைப் புத்தகம் படித்துவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் தமிழ் மீடியம் என்று இங்கிலீஷ் டீச்சர் சொல்லியிருந்தார். அக்கா எட்டோடு நின்று அம்மாவோடு மில்லுக்குப் போனவள். இவளாவது தப்பிக்கட்டும் என்று அம்மா நினைத்தாள்.

புத்தகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கியது. மாமா உள்ளே புரட்டவில்லை. அட்டையில் வெள்ளை நாய். "நம்மூரு நாய் கெணக்கா இருக்கு. இதையே எடுப்போம்" என்றார். கூடவே பால்கோவா. ஒரு பக்கம் முடித்தால் ஒரு விள்ளல் என்று அதற்கும் பட்டாளத்துச் சட்டம்.

எங்கள் வீட்டில் படிப்பு என்றால் மனப்பாடம்தான். பார்க்காமல் சொன்னால் படித்தாயிற்று.

எனக்கு உட்கார முடியவில்லை. தெருப் பிள்ளைகள் அய்யனார் கோவில் ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

"ஏட்டி, செத்த நேரம் ஒரு எடத்துல நிக்க மாட்டியா?"

"நின்னா மறந்துரும் மாமா."

அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். நான் சொல்லச் சொல்ல, புத்தகத்தில் வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டே வருவாள். நான் ஒரு வார்த்தை விட்டால் விரல் நின்றுவிடும்.

"இந்த நாய்க்கு என்னட்டி ஆச்சு?" என்றாள் ஒருநாள்.

"குறுக்க பேசாத" என்றார் மாமா.

"கதையத்தான கேக்கேன்."

"அவள விடுட்டி, சொல்லட்டும்" என்றாள் அம்மா. அக்காவின் விரல் மறுபடி வரிமேல் ஓடியது.

மாமா லீவு முடிந்து போனார். பள்ளிக்கூடம் திறந்தது. டீச்சர் என்னை எழுப்பினார். கையைக் கட்டிக்கொண்டு மூச்சு விடாமல் சொன்னேன். வகுப்பே வாயைப் பிளந்தது. டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும்மா. கதை என்ன? தமிழ்லயே சொல்லு."

நான் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அந்த நாய் யாரு வீட்டு நாய்?"

தெரியவில்லை. அடுத்த வாரம் தமிழ் மீடியத்தில் உட்கார்ந்தேன்.

மாமா போன் போட்டார். அம்மா ஸ்பீக்கரில் வைத்தாள்.

"திக்குனியா?"

"இல்ல மாமா."

"ஒரு எழுத்து விட்டுட்டியா?"

"விடல."

"பொறவு என்ன கேடாம் அவியளுக்கு?"

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கும் அன்றைக்கு விளங்கவில்லை. டீச்சருக்கு நம்மைக் கண்டால் ஆகாது என்று அம்மா முடிவு கட்டினாள்.

"மொத்தம் எம்புட்டு பக்கம்ட்டி பாக்காம சொன்ன?" என்றார் மாமா.

பதினொன்று.