ஞானராஜ் அண்ணாச்சி ஏற்றுக்கொண்ட தவறு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஞானராஜ் அண்ணாச்சியின் மகள் போன் செய்தாள். "அப்பா போயிட்டாங்க, மாமா" என்றாள். நான் "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்காக இன்னும் கூசுகிறேன்.

நம் இரத்ததானக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவரை முகாம்களில் நாற்காலி போடுகிறவராகத்தான் தெரியும். விக்கிரமசிங்கபுரம் நூல் ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரத்தம் கேட்டு வரும் விண்ணப்பத்தை வாங்கி, அந்த வகை இரத்தம் உள்ளவர்களுக்கு உடனே குறுஞ்செய்தி அனுப்பும் ஸ்கிரிப்டை, அந்தச் சிறு நிரலை, எழுதியவர் அவர்தான். அது நம் வலைத்தளத்துக்கு வெளியே வேறொரு சர்வரில் ஆண்டுக்கணக்கில் பிசகாமல் ஓடியது.

பிறகு நான் நம் வலைத்தளத்தைப் ஃபிரேம்வொர்க் என்கிற புதிய ஆயத்தக் கட்டமைப்பு ஒன்றில் மாற்றிக் கட்டினேன். அதிலுள்ள படிவம் அவருடைய ஸ்கிரிப்டுக்குப் போய்ச் சேர வேண்டும். "அனுப்புதது பெரிசில்ல வே. அங்கன என்ன பதில் சொல்லுதுன்னு பாரும்" என்றார். பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை. ஸ்கிரிப்ட் திருப்பி அனுப்பும் பதிலைப் படிக்கும் முறை எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி கேட்கக் கூச்சம்.

ஃபிரேம்வொர்க், படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தின் பெயருக்கு முன்னாலும் தானாக ஒரு சொல்லை ஒட்டிவிட்டது. பழைய பெயர்களைத் தேடிய ஸ்கிரிப்ட், எதுவும் வரவில்லை என்று விண்ணப்பங்களைத் தள்ளியது. நானோ பொத்தானை அழுத்தியதுமே "நன்றி, பதிவாகிவிட்டது" என்று காட்டும்படி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் பதறக் கூடாதே என்று.

புதிய தளம் வந்த மூன்றாம் நாள் மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கணவரின் அறுவை சிகிச்சை தள்ளிப்போயிருந்தது. "நன்றின்னு வந்துச்சே, அதான் வேற யார்ட்டயும் கேக்காம இருந்துட்டேன்" என்றார். உடனே இரத்தம் கொடுக்க ஆள் அனுப்பினோம். கணவர் பிழைத்துக்கொண்டார்.

அன்றைய கூட்டம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். "யார் தப்பு?" என்று கேட்டீர்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். ஞானராஜ் அண்ணாச்சி எழுந்தார். "ஸ்கிரிப்ட்தான் வாங்கல. என் தப்பு" என்றார். அவரை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கினோம். நானும் கை தூக்கினேன்.

பஸ் நிறுத்தத்தில் "ஏன் அண்ணாச்சி?" என்றேன்.

"விடும் வே. நீரு நாலு நாள் சோறு திங்க மாட்டீரு. நான் மில்லுல வாங்காத ஏச்சா?" என்று சிரித்தார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் தாளில் எழுதிக்கொண்டு போனேன். தாளோடு திரும்பினேன். அவர் ஒரு முகாம்கூடத் தவறவில்லை.

அடக்கம் முடிந்ததும் மகள் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அப்பா பண்ணுன தப்பால யாரும் செத்துட்டாங்களா, மாமா? அவங்க கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

"இல்லம்மா" என்றேன். உண்மையை அன்றும் சொல்லவில்லை.

நண்பர்களே, அவருடைய ஸ்கிரிப்டில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. பிழை என் படிவத்தில். இந்தக் கடிதத்தை அவர் மகளிடம் முதலில் கொடுத்துவிட்டே உங்களுக்கு அனுப்புகிறேன். அவர் எனக்காகச் சுமந்து விட்டுப்போனது அந்தப் பழி ஒன்றுதான். அதை இனி நான் வைத்துக்கொள்கிறேன்.