எட்டாவது ஆள்

எது மரபு என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை யாரிடம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்? அதை ஆடுகிறவர்களிடமா, கோப்பில் கட்டி வைப்பவர்களிடமா? பதில் சொல்லுமுன் அனுசூயாவைப் பற்றிக் கேளுங்கள்.

அனுசூயா திருச்சிக்காரர். மாண்ட்ரியலில் அஹுன்ட்சிக் பகுதியில் குடியிருக்கிறார். ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தம் சோதிக்கும் வேலை. 1968 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கணவர் ஜெயசங்கருடன் வடக்கே ஒரு பண்ணைக் கிராமத்துக்கு உருளைக்கிழங்கு வாங்கப் போனார். மூட்டையைக் காரில் ஏற்றிவிட்ட தொனா என்ற விவசாயி, ஊர்க்கூடத்தில் சதுர ஆட்டம் தொடங்கப் போகிறது, ஓர் ஆள் குறைகிறது, வர முடியுமா என்று கேட்டார்.

சதுர ஆட்டத்துக்கு எட்டுப் பேர் வேண்டும், பக்கத்துக்கு ஒரு ஜோடியாக. ஏழு பேர் வந்தால் ஆட்டம் இல்லை. ஃபிடில்காரர் உட்கார்ந்தபடியே இரண்டு காலாலும் தாளம் தட்டுவார். தொனா ஆடிக்கொண்டே அடுத்த அடியைப் பிரெஞ்சில் கூவுவார். எட்டுப் பேரும் கை மாற்றிக் கை மாற்றிச் சுழல வேண்டும்.

முதல் சுழற்சியில் தொனா கையை நீட்டினார். அனுசூயாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கும்பிட்டுவிட்டார். எதிரே வந்த மற்ற ஆண்களுக்கும் ஆளுக்கொரு கும்பிடு. தாளம் தப்பவில்லை, கும்பிடு நான்கு தட்டுக்குள் அடங்கிவிட்டது. அடுத்த சுற்றில் தொனா பதிலுக்குக் கும்பிட்டார்.

"கோயில்லகூட நீ இப்படிக் கும்பிட்டு நான் பாத்ததில்லையே" என்றார் ஜெயசங்கர், திரும்பும் வழியில்.

"சாமி கையை நீட்டலையே."

சில மாதங்களில் அனுசூயா கைகோக்கப் பழகிவிட்டார். ஊர்தான் கும்பிடை விடவில்லை. அந்த இடத்தில் எட்டுப் பேரும் கைகூப்புவது அவர்கள் ஆட்டத்தின் அடியாகவே ஆகிவிட்டது.

மறு ஆண்டு, புது விமான நிலையத்துக்கு அந்த வட்டாரத்து நிலம் வேண்டும் என்று அரசு அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக உழுதவர்கள் அரசுக்கு வாடகை கொடுத்துச் சொந்த வீட்டிலேயே இருந்தார்கள், பிறகு வெளியேறினார்கள். நாற்பது பேர் ஆடிய கூடத்தில் 1972இல் எட்டுப் பேர் மிஞ்சினார்கள். எட்டாவது ஆள், சனிக்கிழமை தவறாமல் கார் ஓட்டிக்கொண்டு போன அனுசூயா.

அப்போது ஒரு வழி தெரிந்தது. அவர்களுடைய ஆட்டம் மரபுக் கலை என்று ஒரு குழு சான்று கொடுத்தால் கூடத்தை இடிக்க மாட்டார்கள். தொனா மனுப் போட்டார். அனுசூயாவுக்குப் பயம் வந்தது. தன் கும்பிடு காரியத்தைக் கெடுத்துவிடும், தான் விலகிவிடலாம் என்றார். அவர் விலகினால் ஏழு பேர்தான். ஆகவே கும்பிடை விடுவதென்று முடிவாயிற்று. ஆறு வாரம் கைகோத்தே பயிற்சி செய்தார்கள்.

குழுவிலிருந்து மூன்று பேர் பேனாவோடு வந்து உட்கார்ந்தார்கள். ஃபிடில் எழுந்தது. முதல் சுழற்சியில் அனுசூயா கையை நீட்டினார். தொனாவின் இரு கைகளும் தாமாகக் கூடின. அவரைப் பார்த்து மற்ற எல்லோரும் கும்பிட்டார்கள். நீட்டிய கை ஒன்றே ஒன்று, அனுசூயாவுடையது, பிடிப்பாரின்றி நின்றது.

வெளிக்கலப்பு உள்ளது, மரபாகாது என்று கடிதம் வந்தது. அந்த ஃபிடில் கடல் கடந்து வந்தது. அடிகளில் பாதி அயல்தேசத்தவை. அவற்றிடம் எவரும் பிறப்புச் சான்று கேட்கவில்லை. மனிதர்களை மண்ணோடு பெயர்த்தெடுக்கும்போது அழியாத மரபு, ஒரு கும்பிடில் அழிந்துபோயிற்றாம்!

கூடத்தை இடித்த அன்று அனுசூயா தொனாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

"என் கை என் பெண்டாட்டி சொல்லியே கேட்டதில்லை, மதாம். இவர்கள் சொல்லியா கேட்கப் போகிறது?" என்றார் தொனா. சிரிக்கத்தான் பார்த்தார்.

இப்போது 1976. தொனாவும் மனைவியும் மாண்ட்ரியலுக்கே வந்து, செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறார்கள். பக்கத்து மாதாகோயிலின் அடித்தளத்தில் சனிக்கிழமை நான்கு மணிக்கு அவர்களும், பழைய ஊர்க்காரர்கள் இருவரும், அனுசூயாவும், கடைசியில் இறங்கிவந்த ஜெயசங்கரும் கூடுகிறார்கள். ஆறு பேர். ஃபிடில்காரர் கிழக்கே மகனிடம் போய்விட்டார். தாளத்துக்கு டேப் ரிக்கார்டர். காலியான பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு, அவற்றைச் சுற்றி ஆடிப் பார்த்தார்கள். முடியவில்லை. மூன்று மாதமாக ஆட்டமில்லை. காப்பி குடித்துவிட்டுக் கலைகிறார்கள்.

இந்த ஊரில் நம் தமிழ்ச் சங்கத்தில் நாற்பது குடும்பங்கள். அனுசூயா ஒவ்வொருவரையும் கேட்டார். "அடுத்தவன் கையைப் பிடிக்கிற கூத்துக்கு நாங்க வரணுமா?" என்று டாக்டர் ஒருவர் கேட்டார், மற்றவர்கள் சிரித்தார்கள். அயலாள் கலந்தாள் என்று அந்தக் குழுவினர் தள்ளினார்கள். அயலான் ஆட்டம் என்று நாம் தள்ளுகிறோம். இரண்டும் ஒரே நோய்.

இந்த ஆட்டம் பிழைக்கும் என்று அனுசூயாவே நம்பவில்லை. தொனாவுக்கு எழுபத்து மூன்று வயது. மாடிப்படி ஏறவே சிரமப்படுகிறார். ஆனாலும் வரும் சனிக்கிழமை நான்கு மணிக்குப் போங்கள். துணையோடு போங்கள். அடி தெரிய வேண்டாம், தொனா கூவுவார். அந்த இரண்டு நாற்காலிகளையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தில் நில்லுங்கள்.