வாழைப்பழம் கொடுக்கப்பட்டது

அறுபத்தாறு வயது வரை ரெஜினா ஒழுங்காகப் படித்தவை இரண்டுதான்: வேதாகமம், மருந்துச் சீட்டு. அதற்குப் பிறகு ஒரே ஆண்டில் பதினோரு புத்தகம் படித்து முடித்தாள். அறிவுத் தாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லாம் எதுக்களிப்பால் வந்தது.

பக்கவாதம் வந்தவருக்குக் கஞ்சி கொடுத்தால் அடுத்த அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. படுத்தால் கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். செங்கல்பட்டில் ஆறு மாதம் படித்த நோயாளிப் பராமரிப்புப் பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது இது. முப்பது வருடமாக எத்தனையோ பேரை அப்படி உட்கார வைத்தவள், கருங்குழியில் பூபாலனிடம் வந்து தோற்றாள். கஞ்சி இறங்கிய ஐந்தாவது நிமிடம் மனிதர் தூங்கி ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவார். டிவி போட்டால் மூன்றாவது நிமிடம்.

பூபாலன் அணுபுரம் குடியிருப்பில் இருந்துகொண்டு அணுமின் நிலையத்துப் பம்புகளைப் பார்த்துக்கொண்ட ஃபோர்மேன். ஓய்வு பெற்றபின் கருங்குழியில் வீடு கட்டினார், மனைவியை அடக்கம் செய்தார், எழுபத்து நாலாவது வயதில் வலது கையையும் பேச்சையும் இழந்தார். மிஞ்சியது இடது கையும் அதில் ஓர் எவர்சில்வர் மோதிரமும். கட்டில் கம்பியில் தட்டினால் 'டங்' என்று கேட்கும்.

அவரை விழித்திருக்க வைக்கத்தான் ரெஜினா வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். வேளைக்கு அரை மணி, ஒரு நாளைக்கு மூன்று வேளை. ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் எழுதுகிற சார்ட் நோட்டில் 'குறிப்பு' என்ற பத்தி காலியாகவே கிடந்தது. அதில் புத்தகத்தையும் எழுதி வைத்தாள்.

டிசம்பர் கடைசி ஞாயிறு மதியம், நாவலூரிலிருந்து பூபாலனின் மகன் ஜெபக்குமார் வந்தான். கையில் ஒரு விண்ணப்பம். கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறந்த ஒரு முதியோர் இல்லத்துடையது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வரும்.

"படுக்கையோட தூக்கிகினு போயிடுவாங்க, ரெஜினாம்மா. நைனாவுக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான?"

"யாரு சொன்னது?"

"டாக்டரே சொல்லிட்டாரே. ஒண்ணும் புரியாது, சும்மா கண்ணத் தொறந்துகினு கீறாருன்னு."

அந்த டாக்டர் ஜூன் மாதம் வந்து எட்டு நிமிடம் இருந்தார். அதில் மூன்று நிமிடம் போன் பேசினார். விண்ணப்பத்தில் 'புரிந்துகொள்ளும் திறன்' என்ற இடத்தில் ஜெபக்குமார் தன் கையாலேயே 'இல்லை' என்று எழுதியிருந்தான். அப்படி எழுதினால் எந்த அறை கிடைக்கும் என்று ரெஜினாவுக்குத் தெரியும். எட்டுக் கட்டில், ஒரு மின்விசிறி, எட்டுப் பேருக்கும் ஒரே ஆள். வாயில் கஞ்சி ஊற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிற ஆள். அரை மணி நேரம் உட்கார வைத்துக் கதை படிக்க மாட்டாள்.

தன் வேலையைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. கட்டிலில் விழ இந்த மாவட்டத்தில் ஆளா இல்லை?

"சார்ட்டக் குடுங்க. அங்க கேக்குறாங்க" என்றான். வாங்கிப் புரட்டினவன் புருவத்தைத் தூக்கினான்.

"இன்னாம்மா இது? 'பிப்ரவரி ஒன்பது. ராஜா இன்னும் முடி சூடவில்லை. நோயாளி தூங்கிவிட்டார்.'"

"தொள்ளாயிரம் பக்கம், தம்பி. யானைக்கு அலங்காரம் பண்ணவே இருநூறு பக்கம். நானுந்தான் தூங்கினேன்."

"'ஏப்ரல் மூன்று. கம்பியைப் பலமாகத் தட்டினார்.'"

"அது நம்ம கடலப் பத்தி ஒருத்தர் எழுதுன கதை. மகாபலிபுரத்துல நின்னுகினு சூரியன் கடல்ல முங்குறதப் பாத்து கதாநாயகி அழுவுறா. நம்ம கடல்ல சூரியன் எப்போடா முங்கிச்சு? காலைல அங்கருந்து வருது, சாயங்காலம் செங்கல்பட்டு பக்கம் போவுது. அந்த வரியப் படிச்சேன் பாரு, கம்பி ஒடையுற மாதிரி தட்டினாரு உங்க நைனா."

ஜெபக்குமார் மே மாதத்தைப் புரட்டினான். அங்கே அவன் பரிசாகக் கொடுத்த புத்தகம் இருந்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஓடினால் வாழ்க்கை மாறும் என்று சொல்கிற புத்தகம். எழுந்து நிற்கவே முடியாத தகப்பனுக்கு அதைவிடப் பொருத்தமாக யார் கொடுக்க முடியும்? 'மூன்று பக்கம். கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் இல்லை' என்று ரெஜினா எழுதியிருந்தாள்.

ஆண்டின் சிறந்த புத்தகம் ஆகஸ்டில் வந்தது: மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் கையேடு, படங்களோடு. நான்கு தடவை படித்தார்கள். ஏதாவது பக்கத்தை ரெஜினா தாண்டினால் 'டங்'. வால்வு, வாஷர், காயில் என்று அவள் வாசிக்க வாசிக்க, கல்யாண வீட்டில் சமையல் வாசனை பிடிக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். நாற்பதாவது நிமிடத்திலும் சரியவில்லை.

"'அக்டோபர் பதினாலு முதல் பதினாறு வரை. எரிச்சல். ஓயாமல் தட்டுகிறார். மலச்சிக்கலாக இருக்கலாம். வாழைப்பழம் கொடுக்கப்பட்டது.' இது இன்னா, வாழைப்பழத்தப் பத்தின புக்கா?"

ரெஜினாவுக்குச் சுருக்கென்றது. அது துப்பறியும் நாவல். ரைஸ்மில் முதலாளியை யாரோ கிணற்றடியில் கொன்றுவிடுகிறார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் பழைய பேப்பர் கடையில் எடுத்தது. கடைசி அத்தியாயம் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் அதில் மிக்சர் மடித்திருக்க வேண்டும். முடிவில்லாமல் விட மனமில்லாமல், டாக்டர்தான் கொலைகாரன் என்று அவளே சொல்லி முடித்துவிட்டாள். டாக்டர்களைப் பற்றி அவளுக்கு இருந்த பொதுவான அபிப்பிராயம் அது. அன்றைக்கு ஆரம்பித்த தட்டல் மூன்று நாள் நிற்கவில்லை. மூன்று நாள் தட்டினால் வயிறு என்றுதான் அவளுடைய அனுபவம் சொன்னது. ஆறு பழம் கொடுத்தாள். ஏழாவது பழத்தை அவர் துப்பினார்.

இப்போது, நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், அது வயிறாக இருந்திருக்காது என்று அவளுக்குப் பட்டது.

"தம்பி, அவரக் கேளு" என்றாள். "கொலைய யாரு பண்ணதுன்னு கேளு."

"இன்னா வெளாட்டு இது, ரெஜினாம்மா?"

"வெளாட்டுதான். நாளைக்கு வண்டி வரப்போவுது. இன்னிக்கு வெளாடுனா இன்னா கெட்டுப்போச்சு? முதலாளி பொண்டாட்டி, டாக்டரு, கணக்குப்பிள்ள, டிரைவரு, வாட்ச்மேனு. ஒவ்வொண்ணா சொல்லு."

ஜெபக்குமார் சலித்துக்கொண்டே சொன்னான். பொண்டாட்டிக்குச் சத்தமில்லை. டாக்டருக்கு இல்லை. கணக்குப்பிள்ளைக்கு இல்லை. டிரைவர் என்றான். டங்.

"குருட்டாம்போக்குல தட்டுறாரு" என்றான். வரிசையைக் கலைத்துச் சொன்னான். வாட்ச்மேன், கணக்குப்பிள்ளை, பொண்டாட்டி, டாக்டர். கம்பி சும்மா இருந்தது. டிரைவர். டங், டங்.

"சரி, டிரைவர்னே வெச்சிக்குவோம். அதான் முடிவுன்னு யாருக்குத் தெரியும்?"

"உன் போன்ல எல்லாம் கிடைக்குமாமே. தேடு."

தேடினான். அந்த நாவல் போனில் விற்பனைக்கு இருந்தது. வாங்கி, கடைசி அத்தியாயத்துக்குப் போய் உரக்கப் படித்தான். இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைக்கிறார். மீசையை முறுக்குகிறார். திரும்பி, டாக்டரின் கையில் விலங்கு மாட்டுகிறார்.

ஜெபக்குமார் போனை இறக்கினான். "டாக்டருதாம்மா. நீங்க சொன்னதுதான் கரெக்டு."

ரெஜினா ஜெயித்துவிட்டாள். பதினோரு புத்தகம் படித்தவள் தானே முடிவு சொல்லி, அதுவும் சரியாகப் போய், நோயாளியை எட்டுக் கட்டில் அறைக்கு அனுப்பி வைத்துவிட்டாள். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் யாருக்கு வரும்?

டங். டங். டங். பூபாலன் முகம் சிவந்து தட்டினார்.

"பாத்தீங்களா? எதுக்கும் தட்டுறாரு" என்றான் மகன்.

"இது பக்கம் தாண்டுனா தட்டுற தட்டு" என்றாள் ரெஜினா. "ஆகஸ்டு பூரா கேட்டிருக்கேன். இன்னும் பக்கம் கீதா பாரு."

விரலால் தள்ளிப் பார்த்தான். மூன்று நட்சத்திரப் புள்ளி. அதற்குக் கீழே இன்னும் நாலு பக்கம். டாக்டரைக் கைது செய்தது உண்மையான ஆளை அசட்டையாக இருக்க வைக்கும் தந்திரமாம். கிணற்று மோட்டார் ஓடிய சத்தத்தில் அலறல் கேட்கவில்லை என்று டிரைவர் வாக்குமூலம் கொடுத்திருந்தான். ஆனால் அன்று சாயங்காலம் ஊர் முழுக்க கரண்ட் இல்லை என்று அதற்கு முந்தைய அத்தியாயத்திலேயே வந்துவிட்டது. கரண்ட் இல்லாமல் மோட்டார் எப்படி ஓடும்?

ரெஜினாவும் அந்த இரண்டு அத்தியாயத்தையும் வாசித்தவள்தான். வாயால் வாசித்தாள். பம்பு பார்த்த மனிதர் காதால் பிடித்துவிட்டார்.

ஜெபக்குமார் படித்து முடித்தபின் கொஞ்ச நேரம் தகப்பனைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தான்.

"நைனா" என்றான் கடைசியில். "அந்த நாலரை மணி புக்கு... நல்லா இல்லியா?"

டங் என்று ஒரு தட்டு. அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

விண்ணப்பத்தை எடுத்துக் கிழிக்கப் போனான். ரெஜினா கையைப் பிடித்தாள்.

"கிழிச்சா நாளைக்கு வேற ஒண்ணு எடுத்துகினு வருவ. எழுதுனத ஒரு கோடு போட்டு அடி. பக்கத்துல சரியானத எழுதி கையெழுத்துப் போடு. சார்ட்டுல அப்படித்தான் திருத்தணும்."

'இல்லை' என்பதை அடித்து 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வாசலுக்குப் போய், நாளைக்கு வண்டி வேண்டாம் என்று இல்லத்துக்குப் போன் செய்தான். அங்கே யாரோ காரணம் கேட்டிருக்க வேண்டும். "அவருக்குப் புரியுதுங்க" என்று இரண்டு தடவை சொல்வது கேட்டது.

ரெஜினா சார்ட் நோட்டை வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் ஒரு திருத்தம் பாக்கி இருந்தது. அக்டோபர் பதினாலில் 'மலச்சிக்கலாக இருக்கலாம்' என்பதன் மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில், 'டிரைவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.