இடது கையில் ஒரு கயிறு

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரத்திலிருந்து நானும் அக்காவும் பஸ்ஸில் வாலாஜாபாத் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஒரு முனீஸ்வரன் கோயிலுக்குப் போனோம். குடியை விட நினைப்பவர்களுக்கு அங்கே பூசாரி கயிறு கட்டுவார். கட்டிக்கொண்டவர், தான் சொன்ன கெடு வரைக்கும் குடிக்கக் கூடாது. எங்கள் பக்கத்திலும் அப்படி ஒரு கோயில் உண்டு. தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்றுதான் அவ்வளவு தூரம் போனோம்.

குடித்தது நான் இல்லை. அக்கா.

எட்டாவதோடு படிப்பை விட்டு, கூலிக்குத் தறி நெய்யப் போனவள். எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான் என்றால், அது அவள் உழைப்பு. நாளெல்லாம் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும். வலிக்கு நல்லது என்று அவள் வீட்டுக்காரர்தான் முதலில் ஒரு மூடி பிராந்தி ஊற்றிக் கொடுத்தார். அவர் இறந்த பிறகும் அது நிற்கவில்லை. தறியில் உட்கார்ந்தால் அக்கா எதையாவது பாடிக்கொண்டே இருப்பாள். அந்தப் பாட்டுதான் நின்றுபோனது.

கோயில் வரிசையில் கயிறு கட்டிக்கொள்ள வந்தவர்கள் எல்லாம் ஆண்கள். பெண்கள் அவர்களைக் கூட்டி வந்தவர்கள். எங்களுக்கு முன்னால் நின்றவர் பூசாரியிடம் பேரம் பேசினார்.

"தீபாவளிக்கு மொத நாளு வரைக்கும் கட்டு சாமி."

"அப்பால அவுத்துட்டு இன்னா பண்ணப் போற?"

"எண்ணெ தேய்ச்சிக் குளிப்பேன் சாமி."

வரிசையே சிரித்தது. எங்களுக்குப் பின்னால், புருஷனோடு நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னார்: "மீசையே இப்பதான் மொளைக்குது, அதுக்குள்ள கயிறா? கவலப்படாதமா, தம்பி திருந்திடும்." அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் முறை வந்ததும் பூசாரி என் வலது கையைப் பிடித்தார்.

"அவனுக்கு இல்ல சாமி," என்றாள் அக்கா. "எனக்கு."

சிரிப்பு நின்றது. யாரோ "தூ, கலிகாலம்" என்று முணுமுணுத்தார்கள். எனக்குக் காதெல்லாம் எரிந்தது.  பூசாரி என் கையை விட்டுவிட்டு, "பொம்பளைங்களுக்கு எடது கை. நீட்டுமா," என்றார். கட்டும்போது, "எது வரைக்கும்?" என்று கேட்டார்.

"கெடு வேணாம் சாமி."

நாங்கள் நகர்ந்ததும் பின்னால் நின்ற பெண்ணின் புருஷனுக்குப் பூசாரி கட்டினார். அந்தப் பெண் போகவில்லை. தன் இடது கையை நீட்டினார்.

"எனக்கும் ஒண்ணு கட்டிடு சாமி."

"ஏய், இன்னாடி இது?" என்றார் புருஷன்.

"உனுக்குத் தெரியாது. உடு." அதைச் சொல்லும்போது அவர் பார்த்தது புருஷனை இல்லை, அக்காவை.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே மெல்லப் பாடினாள். நான் கேட்பது தெரிந்தால் நிறுத்திவிடுவாளோ என்று தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டேன்.

தை பிறந்தபோது அந்தக் கயிறு அவள் கையில் இல்லை. மறுபடி குடிக்க ஆரம்பித்தவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இது நோய், கயிறு மட்டும் போதாது என்றார் டாக்டர். அங்கேயும் நர்ஸ் என்னைப் பார்த்துத்தான் பேரைக் கேட்டார். "பேஷண்ட் நான்தாம்மா," என்றாள் அக்கா. அதற்குப் பிறகு இரண்டு முறை தேறினாள், இரண்டு முறை விழுந்தாள். இப்போது சென்னையில் பெண்களுக்கான ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். ஒரு பாட்டுப் பாடு என்றால், "வூட்டுக்கு வந்து பாடறேன்டா," என்பாள்.

அந்தப் பெண்ணை மறுபடி பார்க்கவே இல்லை. இப்போதும் வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினால், கம்பியைப் பிடித்து நிற்கும் பெண்களின் இடது கைதான் என் கண்ணில் முதலில் படுகிறது. வரிசையே வேடிக்கை பார்த்த அந்த நேரத்தில் என் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றது அப்படி ஒரு கை மட்டும்தான்.