நாலாவது தூண்

கோட்டுச்சேரியில் நான் கட்டிய வீட்டின் முகப்புக்கு, பிரான்சிலிருந்து மச்சான் அனுப்பிய கிரேக்கக் கோயில் படம்தான் மாதிரி. கொத்தனார் எதையும் ஒற்றைக் கண்ணை மூடித்தான் பார்ப்பார். படத்தையும் அப்படியே பார்த்தார். நாலு தூணும் எழும்பின. நூல் பிடித்துப் பார்த்தால், நடுவில் லேசாகத் தொப்பை!

“என்னங்க மேஸ்திரி இது?”

“நேரா வச்சா இடுப்பு ஒடுங்குன மாதிரி தெரியுங்க. கண்ணு ஏமாத்தும்.”

“கதை விடாதீங்க. கொத்தி நேராக்குங்க.”

சிரித்துக்கொண்டே உளியை எடுத்தார். மறுநாள், “முடிஞ்சுதுங்க” என்றார். நம்பினேன்.

சில வருஷம் கழித்து நூலகத்தில் படித்தேன்: கிரேக்கர்களும் அதே காரணத்துக்காகத்தான் தூணுக்குத் தொப்பை வைத்தார்களாம். வீட்டுக்கு வந்து, தெருவில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். மூன்று தூண்கள் இடுப்பு ஒடுங்கி நின்றன. நாலாவது மட்டும் கச்சிதமாக, நேராக இருந்தது.

நூல் பிடித்தேன். தொப்பை அப்படியே இருந்தது.