மாலை போட்ட சாமியும் மருந்து டேங்கும்

மார்கழி பிறந்த சமயம் என் சம்பா வயலில் புகையான் விழுந்துவிட்டது. தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி அது. வயல் நடுவே யாரோ தீ வைத்த மாதிரி வட்டமாகப் பயிர் கருகி நிற்கும். விட்டால் வட்டம் அகன்றுகொண்டே போகும். வீட்டுக்காரர் போன பிறகு நான் ஒருத்தியாகப் பார்த்து வரும் வயல். சாப்பாட்டு நெல்லுக்கு யார் வாசலிலும் நான் நின்றதில்லை. நிற்கவும் மாட்டேன்.

மருந்தடிக்க ஆள் தேடி அலுத்துப் போனேன். கடைசியில் பக்கத்துத் தெருப் பையன் வந்தான். திருத்துறைப்பூண்டியில் காலேஜ் படிக்கிறவன். லீவு நாளில் மருந்தடிக்கப் போவான். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மணி, வெறுங்கால். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். மாலை போட்டுவிட்டால் நேற்றுப் பிறந்த பிள்ளையும் சாமிதான். வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும்.

வரப்பில் டேங்கை இறக்கி வைத்தான். அவன் காலைப் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் நெல் தாள் கீறிய கோடு. குதிகாலில் வெடிப்பு.

"சாமி, ரப்பர் பூட்ஸு கொண்டாந்திருக்கேன். போட்டுக்கிட்டு எறங்குங்க."

"மாலை போட்டிருக்கேன் பெரியம்மா. கால்ல எதுவும் போடக் கூடாது."

"சாப்பிட்டாச்சா?"

"விரதம். மதியம் ஒரு வேளைதான்."

வெறும் வயிற்றோடு மருந்தடித்து வாய்க்காலில் சாய்ந்த ஆளை நான் பார்த்திருக்கிறேன். மருந்து மூக்கு வழியாக மட்டுமா ஏறும்? வெடித்த கால் வழியாகவும் ஏறும். டேங்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இதைத் தொடாதீங்க சாமி."

அவன் முகம் சுண்டிவிட்டது. "போன வருஷமே அடிச்சவன் நான். என்னைச் சின்னப் பையன்னு நெனச்சீங்களா?"

பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று சிரித்தார். "சாமிக்கு வெஷம் ஏறுமாக்கா? ஐயப்பனோட அப்பாரே வெஷத்தைக் குடிச்சவருதானே!"

"அவருக்குத் தொண்டையிலயே நிறுத்தத் தெரிஞ்சுது. இவருக்குத் தெரியுமா? நாளைக்கு இவங்க அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது, நீங்களா?"

பையனே சிரித்துவிட்டான். சிரித்தாலும் கண் கருகிய வட்டத்தின் மேல்தான் இருந்தது. "பயிரு போயிடுமே பெரியம்மா."

"எவ்வளவு போகுதோ போகட்டும். மடையைத் தொறந்து தண்ணிய வடிங்க. ஆளுக்கு ஒரு கழியெடுத்துப் பயிரை வெலக்கி விடுவோம். தூருல வெயிலும் காத்தும் படணும். மலைக்குப் போயி மாலையக் கழட்டிட்டு வாங்க, அப்புறம் மருந்தைப் பாத்துக்கலாம்."

வெயில் ஏறும் வரை இரண்டு பேரும் பயிரை விலக்கினோம். அதற்கு வெறுங்கால் போதும். மதியம் அவனை விரதச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு மீதியை நானே செய்தேன். அப்படியும் வட்டம் அகன்றது. ஆனால் முன்பு மாதிரி ஓடவில்லை, நடந்தது.

மலையிலிருந்து திரும்பிய மறுநாளே வந்து நின்றான். முழுக்கைச் சட்டை, முகத்தில் துண்டு. நான் வாயைத் திறப்பதற்குள், "வயிறு முட்ட இட்லி தின்னாச்சு பெரியம்மா. பூட்ஸைக் கொடுங்க" என்றான்.

"எடுத்துக்கடா, படலோரம் கிடக்கு" என்றேன். அத்தனை நாள் சாமி சாமி என்று சொன்ன வாய்க்கு அந்த 'டா' இதமாக இருந்தது.

காற்றுக்கு முதுகைக் காட்டிப் பொறுமையாக அடித்தான். அறுவடை மெஷின் வந்தபோது வயல் நடுவே இருந்த பொட்டலைச் சுற்றிக்கொண்டு போனது. விற்க நெல் மிஞ்சவில்லை. குதிர் நிறைந்தது.