செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்

போடியில் லீகல் என்ற சொல் நிலத்தை ஒட்டியே புழங்கும். யாராவது தோட்டம் வாங்கப்போனால், "லீகல் பாத்தாச்சா?" என்பார்கள். வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டியாயிற்றா என்று பொருள். என் மகள் மதுரையில் சட்டம் படிக்கப் போன பிறகு அந்தச் சொல் எங்கள் அடுப்படிக்கும் வந்துவிட்டது. "லீகல்னா சட்டத்துல தடை இல்லாதது. லாஃபுல்னா அந்தச் சட்டம் எதுக்கு வந்துச்சோ அதுக்கும் ஒத்துப்போறதுப்பா" என்பாள், தோசையைப் பிய்த்துக்கொண்டே. எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் சொல்வதைக் கேட்கப் பிடிக்கும் என்பதால் மறந்ததுபோல மறுபடியும் கேட்பேன்.

சென்ற மாதம் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு இருவரும் கிளம்பினோம். பஸ்சை விட்டுவிட்டோம். தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பில்தான் இடம் கிடைத்தது. எனக்கு முழங்கால் வலி என்று முன்னால் உட்காரவைத்துவிட்டு, அவள் பின்னால் நெருக்கியடித்து ஏறிக்கொண்டாள்.

போடிமெட்டு செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். தினமும் நடப்பதுதான். கணக்குக்கு மேல் ஏறியிருக்கும் பாதிப் பேர் இறங்கி நடந்து செக்போஸ்ட்டைத் தாண்டுவார்கள். அந்தப் பக்கம் போனதும் ஜீப் மறுபடி அவர்களை ஏற்றிக்கொள்ளும்.

"எறங்குங்கத்தா, வெரசா. லீகலாப் போவோம்."

"இது எப்படிண்ணே லீகல்?" என் மகளின் குரல்.

"செக்போஸ்ட்டுல எண்ணுறப்ப ஆளு சரியா இருக்கும்ல பாப்பா?"

"நடக்குறது நாங்க, லீகலாகுறது ஒன் வண்டியா?" என்றாள் ஒருத்தி. ஜீப்பே சிரித்தது.

அந்தப் பக்கம் பனி மூடிக் கிடந்தது. பெண்கள் ஏறினார்கள். அவர்களோடு இறங்கி நடந்த என் மகளும் ஏறியிருப்பாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பூப்பாறையில் இறங்கியபோதுதான் அவள் இல்லை என்பது தெரிந்தது.

"எங்க எம் பொண்ணு?"

சற்றுமுன் கேலி பேசிய பெண் தலையில் கைவைத்தாள். "அய்யோ அண்ணே, பஸ்சுல வர்றேன், அப்பாட்ட சொல்லிருங்கன்னுச்சு. பேச்சுல மறந்துட்டேனே."

போன் போகவில்லை. பனியில் அந்தச் சாலை, ஓரத்தில் பள்ளம், அதில் தனியாக அவள். இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு டீக்கடை முன்னால் நின்றேன். வாங்கிய டீ ஆறி ஆடை கட்டியது.

ஒருவழியாக பஸ் வந்தது. படிக்கட்டுக் கூட்டத்திலிருந்து பிதுங்கிக்கொண்டு இறங்கினாள்.

"ஏன் ஆத்தா இப்படிப் பண்ணுன?"

"பின்னாடி ரெண்டு பேரு தொங்கிக்கிட்டு வந்தாங்கப்பா. யாரும் விழுந்துறக் கூடாதுன்னுதான எண்ணுறாங்க? திரும்ப ஏற மனசு வரல."

"இந்தப் பஸ்சுல மட்டும் எத்தன பேரு?"

திரும்பி பஸ்சைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. "இதைப் பத்தி இன்னும் பாடம் நடத்தலப்பா."

எனக்கும் சிரிப்பு வந்தது. பயம் மட்டும் போகவில்லை. இன்றும் அவள் போன் எடுக்கத் தாமதித்தால் அந்தப் பனி கண்முன் வந்துவிடுகிறது. அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னது ஒன்றுதான்.

"அடுத்த தடவை நீ எறங்குனா என்னையும் எறக்கிவிட்டுரு."

"முழங்காலு?"

"அது கெடக்குது, வா."